பட்டை அழியும் கரை

கல்தான் நகர்கிறது என்று முதலில் நினைத்தேன். சுண்ணாம்புப் பாறைகள் படிபடியாகத் தண்ணீருக்குள் இறங்கும் கரை அது. ஜூன் மாதத்துக் காலை வெயில். சாம்பல் பூத்த பாறை, அதன்மேல் அதே சாம்பலில் ஒரு மடிப்பு. மடிப்பு மெல்லத் தளர்ந்து நீண்டபோதுதான் அதற்குத் தலை இருப்பது தெரிந்தது. உடம்பில் ஒரு கோடு இல்லை, ஒரு புள்ளி இல்லை. அடுப்புச் சாம்பலைத் தண்ணீரில் குழைத்துத் தலை முதல் வால் வரை ஒரே இழுப்பில் பூசியதுபோல் இருந்தது. கண் பழகியபின் பக்கத்திலேயே இன்னொன்று. அதற்கப்பால் பாறையிடுக்கில் நாலைந்து, கயிற்றுச் சிக்கலைப்போல ஒன்றோடொன்று பின்னிக் கிடந்தன. நடுவில் தடித்த பெண் பாம்பு, அதைச் சுற்றி மெலிந்த ஆண்கள். இணைசேரும் பருவம்.

என் கால்கள் தாமாகவே பின்னால் போயின. மகள் தோளைத் தொட்டு, “பயப்படாதீங்கப்பா, விஷமில்லாதது” என்றாள். விஷமில்லாதது என்பது எனக்கும் தெரியும். தெரிந்திருந்தும் என் கண்கள் கையடக்கமான கல் ஒன்றைத் தேடிக்கொண்டிருந்தன. அதைத்தான் அன்று முழுவதும் மறக்க முடியவில்லை.

அந்த இடம் ஈரி ஏரியின் மேற்கு மூலையிலுள்ள சௌத் பாஸ் தீவு. அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்தைச் சேர்ந்தது. கட்டாபா முனையில் படகேறினால் சுமார் இருபது நிமிடப் பயணம். வட அமெரிக்காவின் ஐந்து பேரேரிகளில் ஆழம் குறைந்தது ஈரி. இந்த மேற்குப் பகுதியில் சராசரி ஆழம் 7 மீட்டரை ஒட்டித்தான் இருக்கும். கடல்போல அலையடிக்கிறது, ஆனால் உதட்டில் உப்புக் கரிக்கவில்லை. இந்த ஆழமில்லாத நன்னீரில் இருபதுக்கும் மேற்பட்ட தீவுகள் சிதறிக் கிடக்கின்றன. சில ஓஹையோவுக்கு, சில கனடாவுக்கு. சௌத் பாஸ் தீவின் துறைமுகத்துக்குள்ளேயே கிப்ரால்டர் என்றொரு துண்டுத் தீவு. பரப்பளவு 6.5 ஏக்கர். எங்கள் ஊரில் ஒரு நடுத்தரச் சம்சாரியின் நிலத்தளவு. அங்கேதான் ஓஹையோ அரசுப் பல்கலைக்கழகத்தின் ஸ்டோன் ஆய்வகம் இருக்கிறது. 1895-இல் தொடங்கப்பட்ட நன்னீர் உயிரியல் நிலையம் அது. 1925-இல் ஜூலியஸ் ஸ்டோன் என்பவர் தீவையே விலைக்கு வாங்கிப் பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்தார்.

சில ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பு ஏரியின் நீர்மட்டம் உயர்ந்தபோது மேடாயிருந்த சுண்ணாம்புக் குன்றுகள் தனித்துப்போய்த் தீவுகளாயின. அவற்றின் கரையோரம் மட்டுமே வாழும் பாம்புக்கு ஈரி ஏரி நீர்ப்பாம்பு என்று பெயர். 1937-இல் ராஜர் கானன்ட், வில்லியம் கிளே என்ற இருவரும் அதைத் தனித் துணையினமாக அடையாளம் கண்டு, தீவுக்குரியது என்ற பொருளில் ‘இன்சுலாரம்’ என்று பெயரிட்டார்கள். கரையிலிருந்து சிறிது தூரத்துக்குள் நீந்தி மீன் பிடிக்கும். பாறையில் வெயில் காயும். இலையுதிர் காலம் வந்ததும் தீவின் உட்புறம் போய், பனி உறையாத ஆழத்தில், பாறைப் பிளவிலோ பழைய வீட்டு அஸ்திவாரத்திலோ ஏப்ரல் வரை உறங்கும். முட்டையிடாது. ஆகஸ்ட் பிற்பாதியிலும் செப்டம்பரிலும் ஒரே ஈற்றில் இருபதுக்கு மேல் குட்டி போடும்.

எங்கள் கண்மாயின் தண்ணீர்ப்பாம்பு முட்டையிடும் சாதி. இருந்தாலும் இரண்டுக்கும் பழைய உறவொன்று உண்டு. நெடுங்காலம் விலங்கியலாளர்கள் இரண்டையும் ‘நாட்ரிக்ஸ்’ என்ற ஒரே பேரினத்துக்குள்தான் வைத்திருந்தார்கள். பிறகு அமெரிக்கப் பாம்புகளைப் பிரித்து ‘நெரோடியா’ என்று ஆக்கினார்கள். நம்முடையதும் வேறு பெயருக்குப் போய்விட்டது. அந்தப் பாறையில் நின்றபோது இந்தப் பிரிவினையெல்லாம் என் உடம்புக்குத் தெரியவில்லை. தலையின் அந்தச் சரிவும், வட்டக் கண்ணும், தொந்தரவு செய்தால் தட்டையாக உடம்பை விரிக்கும் அந்தக் கோபமும் எனக்குப் பழக்கமானவை.

பன்னிரண்டு வயதில் ஒன்றை நான் அடித்திருக்கிறேன். ஐப்பசி மழையில் கண்மாய் பெருகி, மடை வழியாக வாய்க்காலில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. மடைக்குக் கீழே மீனுக்குக் காத்துக் கிடந்தது அது. நான் எறிந்த கல் முதுகில் விழுந்தது. மற்ற பையன்கள் மீதியைப் பார்த்துக்கொண்டார்கள். வயிறு புடைத்திருந்தது. பெரியப்பா வந்து கம்பின் நுனியால் வயிற்றை அழுத்தித் தள்ள, வாய் வழியே முழுசாக ஒரு கெண்டை வெளியே வந்தது. செதில்கூடக் கலையாமல் இருந்தது. “மீனுக்காக வந்துச்சுடா, உங்களுக்கு என்ன பண்ணுச்சு?” என்று கேட்டுவிட்டு அவர் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அந்தக் கேள்விக்கு இன்றுவரை என்னிடம் பதில் இல்லை. பாம்பென்றால் படையும் நடுங்கும் என்பார்கள். நடுங்கியதால் நாங்கள் அடிக்கவில்லை. விஷமில்லை என்று தெரிந்ததால்தான், திருப்பித் தாக்காது என்ற தைரியத்தில்தான் அடித்தோம்.

ஈரி ஏரித் தீவுகளில் நடந்ததும் அதுதான், பெரிய அளவில். 1760-களில் இந்தப் பக்கம் பயணம் செய்த ஜோனத்தன் கார்வர் எழுதிவைத்திருக்கிறார்: தீவுகளைச் சுற்றி ஏக்கர் கணக்கில் அல்லி இலைகள் படர்ந்திருந்தன, இலைக்கு இலை நீர்ப்பாம்புகள் சுருண்டு வெயில் காய்ந்தன, எண்ணி மாளாது என்று. கரையிறங்கவே அஞ்சும் அளவுக்குக் கிலுகிலுப்பை விரியன்களும் இருந்தன என்கிறார். கிலுகிலுப்பை விரியன் இன்று ஒரு தீவின் பெயரில் மட்டும் மிச்சமிருக்கிறது. திராட்சைத் தோட்டம் போட வந்தவர்கள், பிறகு கோடை வீடு கட்ட வந்தவர்கள், பிறகு வார இறுதிக்குப் படகு ஓட்டி வந்தவர்கள் எல்லோர் கையிலும் கல்லோ கட்டையோ துப்பாக்கியோ இருந்தது. பாம்பு வெயில் காயும் பாறையும் மனிதர் தூண்டில் போட உட்காரும் பாறையும் ஒன்றுதான். நீர்ப்பாம்பு மீனையெல்லாம் தின்று தீர்க்கிறது என்பது சாக்கு. 1999-இல் அமெரிக்க அரசு அதை அழிவாபத்துப் பட்டியலில் சேர்த்தபோது வளர்ந்த பாம்புகள் சுமார் இரண்டாயிரம் அளவில்தான் இருந்தன.

அந்தச் சட்டத்தில் விசித்திரமான ஒரு வரம்பு இருந்தது. ஓஹையோக் கரையிலிருந்து ஒரு மைலுக்கு அப்பாலுள்ள தீவுகளில் இருக்கும் பாம்புக்கு மட்டுமே பாதுகாப்பு. அதே பாம்பு கரைப் பக்கத்தில் இருந்தால் சட்டத்துக்கு அது வெறும் சாதாரண நீர்ப்பாம்பு. ஏன் அப்படி என்று புரிந்துகொள்ளப் போனபோதுதான் இந்தப் பாம்பின் உண்மையான கதை எனக்கு அகப்பட்டது.

தரைப்பக்கத்து நீர்ப்பாம்புக்கு உடம்பு முழுக்கக் குறுக்குப் பட்டைகள் உண்டு. நம் கட்டுவிரியனின் வளையம்போல நறுக்கென்று இருக்காது, அகலமாக, பழுப்பும் கருப்புமாக இருக்கும். சதுப்பிலும் நாணலிலும் வெயில் துண்டு துண்டாக விழும். அங்கே பட்டையுள்ள உடம்பு கண்ணுக்குச் சிக்காது. தீவுக்கு வந்தால் நாணல் இல்லை. வெளிறிய, தட்டையான, வெட்டவெளிப் பாறை. பட்டை போட்ட குட்டி அதன்மேல் கிடந்தால் வெள்ளை வேட்டியில் மைக்கறை மாதிரி தெரியும். மேலே கடற்காகங்கள், ஓரத்தில் நாரைகள். குட்டி பிறக்கும்போது ஈர்க்குச்சியைவிடக் கொஞ்சம் தடிமன், அவ்வளவுதான்.

ஜோசப் கேமின், பால் எர்லிக் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1958-இல் இதைப்பற்றி எழுதிய கட்டுரை உயிரியல் படிப்பவர்களிடையே பிரசித்தம். எர்லிக் பின்னாளில் மக்கள்தொகைப் பெருக்கத்தைப் பற்றி எழுதி உலகப் புகழும் கண்டனமும் பெற்றவர். அப்போது இளைஞர். அவர்கள் செய்த வேலையின் எளிமை என்னை உட்கார வைத்துவிட்டது. தீவுகளில் சினையான பாம்புகளைப் பிடித்து வைத்துக் குட்டிகளைப் பார்த்தார்கள். பட்டை இல்லாதது, லேசாக உள்ளது, நடுத்தரம், முழுப்பட்டை என்று ஏ முதல் டி வரை நான்கு வகையாகப் பிரித்து எண்ணினார்கள். அதே தீவில் வளர்ந்த பாம்புகளையும் அப்படியே எண்ணினார்கள். குட்டிகளில் பட்டைக்காரர்கள் கணிசமாக இருந்தார்கள். பெரியவர்களில் அந்தப் பங்கு குறைந்திருந்தது. நடுவில் அந்தக் குட்டிகள் எங்கே போயின? பறவையின் அலகுக்குள். இயற்கைத் தேர்வு என்று பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்ததை இவர்கள் வரவு செலவுக் கணக்காகக் காட்டிவிட்டார்கள். பிறப்புக் கணக்குக்கும் இருப்புக் கணக்குக்கும் இடையில் விழும் துண்டுதான் தேர்வு.

கேள்வி அதோடு முடியவில்லை. இத்தனை ஆயிரம் ஆண்டுகளாகப் பறவைகள் கொத்திக்கொண்டே இருந்தால் பட்டை என்பதே தீவிலிருந்து ஒழிந்து போயிருக்க வேண்டுமே? ஒவ்வொரு ஈற்றிலும் பட்டைக் குட்டி எப்படி மறுபடி பிறக்கிறது? வருகிறவர்கள் கொண்டு வருகிறார்கள் என்பதுதான் பதில். எதிர்க்கரையிலிருந்து எப்போதோ ஒரு பாம்பு நீந்தி வந்து சேர்கிறது. இங்கே இணைசேர்கிறது. பட்டை மீண்டும் இரத்தத்தில் கலக்கிறது. தீவு அழிக்கிறது, தண்ணீர் எழுதுகிறது. வடக்கு இல்லினாய் பல்கலைக்கழகத்தின் ரிச்சர்ட் கிங் பல பத்தாண்டுகள் இந்தப் பாம்புகளையே பின்தொடர்ந்து, தேர்வு எவ்வளவு, வருகை எவ்வளவு என்று இரண்டையும் அளந்தார். நான் பாறைமேல் பார்த்த அந்தச் சாம்பல் நிறத்தை, முடிந்துபோன ஒன்று என்று நினைத்திருந்தேன். அது இன்னும் நடந்துகொண்டிருக்கிற வழக்கு. ஒவ்வொரு செப்டம்பரிலும் புதிதாக வாதாடப்படுகிறது.

தீவு என்றாலே சுற்றிலும் அடைக்கப்பட்ட, கலப்பில்லாத, தனக்குள் முழுமையான இடம் என்று நமக்குள் ஒரு சித்திரம் இருக்கிறது. மொழியை, சாதியை, ஊரைப் பற்றிப் பேசும்போதும் அந்தச் சித்திரத்தைத்தான் எடுத்து நீட்டுகிறோம். இந்தப் பாம்பின் தனித்தன்மையோ வருகை நின்றதால் உண்டானதல்ல. வந்தவற்றை ஏற்றுக்கொண்டே, தன் பாறைக்கு ஏற்றபடி ஒவ்வொரு தலைமுறையிலும் திரும்பத் திரும்ப ஆகி வந்தது. பக்கத்திலிருக்கும் பீலி தீவிலும் கெல்லீஸ் தீவிலும் இதைவிட வினோதமான ஓர் உயிர் உண்டு. பெண்களே நிறைந்த சாலமண்டர் கூட்டம். தவளைபோல் ஈரத்தோலும் பல்லிபோல் வாலும் உள்ள நீர்நில வாழ்வி. அவை வேற்றினத்து ஆண் விட்டுச் செல்லும் விந்தைக் கடன் வாங்கி முட்டையைத் தூண்டிக்கொள்கின்றன. பெரும்பாலும் அந்த ஆணின் மரபை வெளியே தள்ளிவிடுகின்றன. எப்போதாவது கொஞ்சம் எடுத்து வைத்துக்கொள்கின்றன. எந்த இனம் என்று அவற்றைக் கேட்டால் என்ன சொல்லும்? பல லட்சம் ஆண்டுகளாக அவை அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமலே பிழைத்து வருகின்றன.

பாம்புக்குத் திரும்புகிறேன். சட்டம் வந்தது, ஆனால் சட்டத்தைப் பார்த்துக் கல்லைக் கீழே போடுகிறவன் எங்குமில்லை. 2000-ஐ ஒட்டிக் கிங்கின் மாணவியாக இங்கு வந்த கிறிஸ்டின் ஸ்டான்ஃபர்ட் என்ற பெண்ணுக்குப் பாம்பைவிட மனிதர்களிடம்தான் அதிகம் வேலை செய்ய வேண்டியிருந்தது. தீவுக்காரர்கள் அவருக்கு வைத்த பெயர் ‘தீவுப் பாம்பம்மா’ என்று நம் வாயில் வரும். உள்ளூர்ப் பத்திரிகையில் கேள்வி-பதில் எழுதினார். பள்ளிப் பிள்ளைகளின் கையில் பாம்பைக் கொடுத்தார். ‘நீர்ப்பாம்புகளுக்கு இங்கே நல்வரவு’ என்று பலகை செய்து, சம்மதித்தவர்களின் கரையில் நட்டார். தீவுக்காரர்களுக்குப் பாம்பு என்றால் தங்கள் வீட்டு விவகாரம். வாசலில் கிடப்பதை, படகில் ஏறிச் சுருண்டிருப்பதை, அஸ்திவாரத்தில் உறங்குவதைப் பொறுத்துக்கொள்ள வேண்டியவர்கள் அவர்கள்தான். தூரத்திலிருந்து பாம்பை நேசிப்பது சுலபம். அவர்களிடம் போய்க் கதவு தட்டியதுதான் அவர் செய்தவற்றிலேயே பெரியது என்று நினைக்கிறேன்.

பாம்பு பிடிக்கும் விதம் இது. கரையோரமாக வரிசையாக நடந்து, பாறையைப் புரட்டி, வெறுங்கையால் பிடிப்பார்கள். பாம்பு சும்மா இருக்காது. கடிக்கும், மலத்தையும் நாற்ற நீரையும் பீய்ச்சும். உமிழ்நீரில் இரத்தம் உறையாமல் தடுக்கும் ஏதோ இருப்பதால் சிறு கீறல்கூட நெடுநேரம் ஒழுகும். அன்றைய வேலை முடிவதற்குள் முழங்கை வரை சிவப்புக் கோடுகள். துணிப்பையில் போட்டுத் தராசில் தொங்கவிட்டு எடை, நாடாவால் நீளம், ஆணா பெண்ணா, தோலுக்கடியில் அரிசி அளவுக்கு ஒரு மின்னணு அடையாளச் சில்லு. கடைசியாக, வயிறு புடைத்திருந்தால் விரல்களால் அடியிலிருந்து தலைப்பக்கம் மெதுவாக நீவுவார்கள். விழுங்கிய மீன் வாய் வழியே வெளியே வரும். பார்த்துக் குறித்துக்கொண்டு, பாம்பை அதே பாறையில் விட்டுவிடுவார்கள்.

இதைப் படித்தபோது எனக்குப் பெரியப்பாவின் கம்பு ஞாபகம் வந்தது. அதே அழுத்தம், அதே மீன். ஒன்றில் பாம்பு செத்திருந்தது.

அப்படி வெளியே வந்த மீன்தான் கதையைத் திருப்பியது. முன்பெல்லாம் அந்த வயிறுகளில் ஏரியின் சொந்த மீன்கள் பலவும், செவுளை வெளியே விரித்துத் திரியும் ஒருவகைச் சாலமண்டரும் இருந்தன. 1990-களின் பின்பாதியிலிருந்து ஒரே மீன் வரத் தொடங்கியது. ரவுண்ட் கோபி. நம் ஊர் உளுவையின் சாதி. விரல் நீளம், துருத்திய கண், முதுகுத் துடுப்பில் ஒரு கரும்பொட்டு. வயிற்றுத் துடுப்புகள் இரண்டும் ஒன்றாகி, பாறையைப் பற்றிக்கொள்ளும் கிண்ணமாகியிருக்கும். சொந்த ஊர் கருங்கடல், காஸ்பியன் கடல் பக்கம். சரக்குக் கப்பல்கள் ஆட்டமில்லாமல் நிற்க அடிவயிற்றில் தண்ணீர் நிரப்பிக்கொள்ளும். அந்தத் தண்ணீரில் வந்து 1990-இல் செயின்ட் கிளேர் ஆற்றில் முதலில் அகப்பட்டது, சில ஆண்டுகளில் ஈரி முழுக்கப் பரவியது. பாறையடியில் வாழும், சுலபமாகப் பிடிபடும், கோடிக்கணக்கில் பெருகும். பாம்புக்கு இதைவிட என்ன வேண்டும்? உணவில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் இந்த ஒரு மீனே ஆனது. பாம்புகள் வேகமாக வளர்ந்தன, பெண் பாம்புகள் நீண்டன, ஈற்றுக்குக் குட்டிகள் கூடின. பிறகு ஒரு கணக்கெடுப்பில் சுமார் 11,980 பாம்புகள். மீட்புத் திட்டம் கேட்டது 5,555. ஆகஸ்ட் 2011-இல் அது பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது.

வந்தேறி என்ற சொல்லை நம் பக்கத்தில் எவ்வளவு எளிதாக வீசுகிறோம். ஈரி ஏரியில் வந்தேறி மீன் ஒன்று தீவின் மண்ணுக்குரிய பாம்பைக் காப்பாற்றியது என்று எழுதி நிறுத்திக்கொள்ள எனக்கும் ஆசைதான். ஆனால் ஏரி அவ்வளவு கருணையோடு கணக்கை முடிக்கவில்லை. அதே கோபி பாஸ் மீனின் முட்டைகளைத் தின்கிறது. உள்ளூர்ச் சிறுமீன்களை இடம்பெயர்க்கிறது. தன்னைப்போலவே கப்பலில் வந்த ஸீப்ரா மட்டியைத் தின்று, அது வடிகட்டிச் சேர்த்த நஞ்சையும் சேர்த்து மேலே அனுப்புகிறது. 1999 முதல் இந்த ஏரியில் போட்டுலிசம் நச்சுக்கு நீர்ப்பறவைகள் ஆயிரக்கணக்கில் செத்துக் கரையொதுங்கின. அந்த நச்சு பறவைக்கு ஏறும் படிகளில் கோபியும் ஒன்று. பாம்புக்கு வாழ்வு கொடுத்த மீன் பறவைக்குச் சாவு கொண்டுபோகிறது. இதில் எதைக் கூட்டி எதைக் கழிப்பது? எனக்குத் தெரிந்ததெல்லாம், பத்தில் ஒன்பது பங்கு சாப்பாட்டுக்கு ஒரே ஒரு மீனை நம்பியிருப்பது நிம்மதியான வாழ்க்கை இல்லை என்பதுதான். ஒரே பயிரை நம்பிய கரிசல்காட்டுக்காரர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

அமெரிக்க அரசின் பட்டியலிலிருந்து நீங்கிய பிறகும் இந்தப் பாம்புகள் இருக்கின்றன. மீன் ஒரு காரணம். எறியப்படாத கற்களும் அதே அளவுக்குக் காரணம் என்று நான் நம்புகிறேன்.

மாலைப் படகுக்குத் துறையில் காத்திருந்தோம். அலைதடுப்புக்காகக் கொட்டியிருந்த கற்களின் மேல் மகள் எதையோ காட்டினாள். சென்ற ஆண்டுக் குட்டியாக இருக்கும், ஒரு முழம்கூட இல்லை. வெளிறிய கல்லில் நீட்டிப் படுத்திருந்தது. கழுத்திலிருந்து வால் வரை பழுப்புப் பட்டைகள், ஒன்று விடாமல். பத்தடி தூரத்திலிருந்தே எண்ணிவிடலாம். துறைத் தூணின் தலையில் கடற்காகம் ஒன்று ஒற்றைக் காலில் நின்றுகொண்டிருந்தது. படகு வந்து சங்கு ஊதியது. ஜனங்கள் ஏறத் தொடங்கினார்கள். “வாங்கப்பா” என்றாள் மகள். அது கல்லிடுக்குக்குள் இறங்குகிறதா என்று பார்த்துக்கொண்டு நான் வரிசையின் கடைசிக்குப் போனேன்.